கூரை டென்ட்டா, தரை டென்ட்டா, ட்ரெய்லரா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வண்டியோடு தங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரிலிருந்து காரின் தலையில் டென்ட்டைக் கட்டிக்கொண்டு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வருகிறவர்களைச் சனிக்கிழமை காலையில் ஓசூர் தாண்டி எங்கே நின்றாலும் பார்க்கலாம். பார்த்துவிட்டு நம் ஆட்கள் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். விலைகள் தோராயமானவை. பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

தரை டென்ட் எல்லோருக்கும் தெரியும். கம்பி கோத்து, துணி மாட்டி, மண்ணில் முளை அடித்து நிறுத்துவது. இரண்டு பேருக்கானது மூன்று கிலோ சுமார் இருக்கும், டிக்கியில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

கூரை டென்ட் காரின் மேல் கேரியரிலேயே உட்கார்ந்திருக்கும். துணி உறைக்குள் மடிந்திருப்பது ஒரு வகை. ஃபைபர் அல்லது அலுமினிய ஓடு மூடியாக இருந்து, தூக்கினால் எழும்புவது இன்னொரு வகை. மெத்தை உள்ளேயே இருக்கும், ஏணி வைத்து ஏற வேண்டும்.

ட்ரெய்லர், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் தனி வண்டி. அதன்மேல் டென்ட் விரியலாம், அல்லது அதுவே படுக்கையும் சின்ன சமையல் மேடையும் உள்ள அறையாக இருக்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

இந்த இரண்டு மாவட்டத்தைச் சுற்றித்தான் உங்கள் பயணம் என்றால் தரை டென்ட். விலை குறைவு என்பது ஒரு காரணம்தான். ராத்திரி ஒரு மணிக்கு இடத்தைக் காலி பண்ண வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். யானை நடமாட்டம் என்று தகவல் வரும், மேலே ஏரி நிரம்பிக் கோடி போகும், குழந்தைக்கு வாந்தி வரும், ஊர்க்காரர்கள் டார்ச்சோடு வந்து யார் என்ன என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் இதில் எதுவும் அதிசயம் இல்லை.

தரை டென்ட்டில் படுத்திருப்பவர் ஜிப்பைத் திறந்து, காரில் ஏறி, சாவியைத் திருப்பினால் போதும். டென்ட் அங்கேயே கிடக்கட்டும், விடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம். கூரை டென்ட் விரிந்து கிடக்கும்போது காரை நகர்த்தவே முடியாது. இறங்கி, ஏணியை மடக்கி, துணியைத் திணித்து, வாரை இறுக்கப் பழகின கைக்கே ஐந்து, பத்து நிமிடம் ஆகும். மழையிலும் இருட்டிலும் அதற்கு மேல். ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தியிருந்தால் காரை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். மாட்டியபடியே வைத்திருந்தால் அதுவும் கூரை டென்ட் கதைதான்.

லடாக், ராஜஸ்தான் என்று பத்துப் பதினைந்து நாள் ஓடி, தினம் ஓர் ஊரில் தங்குகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்குக் கூரை டென்ட் உண்மையிலேயே சுகம். வண்டியை நிறுத்தியதும் படுக்கை தயார், டிக்கி முழுக்க சாமானுக்கு.

கூரை மேல் படுத்தால் யானைக்குப் பயப்பட வேண்டாம்தானே?

கட்டாயம் பயப்பட வேண்டும். ஆப்பிரிக்கக் காட்டில் எடுத்த வீடியோக்களைப் பார்த்து, "மேலே இருந்தால் பத்திரம்" என்று நம்பிவிடுகிறார்கள். பொலிரோவின் கூரை தரையிலிருந்து ஆறடி சொச்சம். வளர்ந்த ஆண் யானையின் தோளே ஒன்பதடிக்குப் பக்கம் வரும். அதாவது நீங்கள் தலை வைத்துப் படுத்திருக்கும் இடம் அதன் முகத்துக்கு நேராக இருக்கிறது. தும்பிக்கைக்கு அது ஒரு தூரமே இல்லை.

ராகி கதிர் பிடித்து அறுவடை ஆகும் காலத்தில், ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்கி ஓசூரை ஒட்டிய சானமாவு காடு வரை வரும். ராத்திரியில் ராகிக் கொல்லைக்கு இறங்கி, விடியுமுன் காட்டுக்குத் திரும்பும். நீங்கள் டென்ட் போட்ட இடம் அந்த வழியில் இருக்கிறதா என்பது கூகுள் மேப்பில் தெரியாது. பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேட்டால் தெரியும். பரண் கட்டிக் காவல் இருக்கும் ஊர் என்றால், அங்கே தங்காதீர்கள்.

வாழைப்பழம், பலா, புளி, வெல்லம், உப்பு எதையும் டென்ட்டுக்குள் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். மூன்று வகைக்கும் இது பொது. கூரை டென்ட்காரர்கள் இதில் கொஞ்சம் அலட்சியம், ஏனென்றால் சாப்பாடு எல்லாம் கீழே காருக்குள்தானே இருக்கிறது என்று நினைப்பு. வாசனை பிடித்த யானைக்குக் கார் கண்ணாடி ஒரு தடையா?

இன்னொன்று. சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்போரம் நடந்து பார்க்கப் போகாதீர்கள். பன்றிக்காக வைத்த சட்டவிரோத மின்வேலி இருக்கலாம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. மனிதருக்கும் அதே மின்சாரம்தான்.

அப்படியானால் எங்கேதான் டென்ட் போடுவது? காட்டுக்குள் போடலாமா?

காட்டுக்குள் கூடாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி சரணாலயம். காவிரி வடக்கு 2014-இலும் காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டன. அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், உள்ளே தீ மூட்டுவது தனிக் குற்றம். காப்புக் காட்டுக்கும் அனுமதி வேண்டும். ரோட்டோரம்தானே என்று ஒதுங்கி நின்றாலும் அது காட்டுக்குச் சொந்தமான இடமாக இருக்கலாம். காட்டில் ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும் என்றால் ஐயூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலா விடுதி இருக்கிறது. நடக்கத்தான் ஆசை என்றால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் குத்திராயன் மலையும் ஒன்று. பதிவு செய்து, வழிகாட்டியோடு பகலில் போய்த் திரும்பலாம்.

ஆற்று மணலும் வேண்டாம். ஒகேனக்கல் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், கர்நாடகத்தில் பெய்த மழைக்குக் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்துவிட்டால் இங்கே தண்ணீர் ஏறும். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீரின் அளவு கூடியதும் பரிசலையும் குளியலையும் நிறுத்துகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. தென்பெண்ணையும் அப்படித்தான். கெலவரப்பள்ளி அணையில் மதகு தூக்கினால் கீழே கரையோரம் எச்சரிக்கை போகும்.

மிச்சம் இருப்பது பட்டா நிலம். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தெரிந்தவர் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, களம் போதும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாந்தோப்பு என்றால் ஒரு விஷயம்: நிலத்துக்காரர் "தாராளமா வந்து தங்குங்க" என்று சொல்லியிருப்பார், ஆனால் மகசூலைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறு ஆளாக இருப்பார். காய் இருக்கும் மாதங்களில் ராத்திரிக் காவல் அவருடைய ஆள். பத்து மணிக்கு நாயோடு வந்து நிற்பவரிடம் நிலத்துக்காரர் பெயரைச் சொன்னால், "அவரு நெலத்துக்குத்தான் சொந்தக்காரரு, காய்க்கு இல்லீங்க" என்பார். நியாயமான பேச்சு. ஆகவே இரண்டு பேரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தை, மாசியில் பூவுக்கு மருந்து அடித்த தோப்பில் தங்காதீர்கள். மருந்து வாசனை அடிக்கிறதென்றால் வேறு இடம் பாருங்கள்.

என் கார் கூரை டென்ட்டைத் தாங்குமா?

காரோடு வந்த கையேட்டில் கூரைச் சுமை என்று ஓர் எண் இருக்கும். அது ஓடும்போது கூரை தாங்கக்கூடிய எடை. பல கார்களுக்கு 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும், சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. இரண்டு பேருக்கான துணி வகை டென்ட் 45 முதல் 60 கிலோ, ஓடு வகை 60 முதல் 80 கிலோ. இதோடு கேரியரின் எடையையும் கூட்டுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறையில் இரும்புக் குழாயில் பற்றவைத்துக் கொடுக்கும் கேரியரே இருபது, முப்பது கிலோ வரும். 75 கிலோ தாங்கும் கூரையில் 30 கிலோ கேரியரைப் போட்டால் டென்ட்டுக்கு மிச்சம் 45 கிலோதான்.

"அப்புறம் இரண்டு ஆள் ஏறிப் படுத்தால் கூரை நசுங்காதா?" என்று அடுத்து கேட்பார்கள். நசுங்காது. வண்டி நிற்கும்போது எடை நேராகக் கீழே இறங்குகிறது, ஏணியும் கொஞ்சம் தாங்குகிறது. ஓடும்போது அப்படி இல்லை. வளைவு, பள்ளம், சடன் பிரேக் ஒவ்வொன்றும் அந்த எடையைப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் பிடித்து இழுக்கும். ஓடும்போது தாங்கும் எடைக்குள் டென்ட்டும் கேரியரும் அடங்கிவிட்டால், நிற்கும்போது இரண்டு பேரைப் பற்றிப் பொதுவாகக் கவலை வேண்டாம்.

டென்ட் விற்பவர் "தாங்கும் சார்" என்று சொல்வது பதில் ஆகாது. கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மஹிந்திரா தார் வண்டி வைத்திருக்கிறேன். பார்க்க அம்சமாக இருக்குமே?

இருக்கும். ஆனால் துணிக் கூரைத் தார் என்றால் நேராகப் போட முடியாது, உடலோடு பிணைத்த தனிச் சட்டம் வேண்டும். கெட்டிக் கூரை என்றாலும் அது இரும்பா, ஃபைபரா என்று பார்த்து, பிடிப்பு எங்கே உட்காருகிறது என்று புரிந்துகொண்டு செய்யுங்கள். கூரையைத் துளை போட்டு போல்ட் இறக்கித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஒழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஆர்.டி.ஓ., போலீஸ் தொந்தரவு வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி எந்த வேலையும் அனுமதியில்லாமல் செய்யாதீர்கள். கழற்றி மாட்டக்கூடிய கேரியர், வண்டி நிறுவனமே விற்கும் கூரைக் கம்பி (ரெயில்) என்றால் தலைவலி குறைவு. "டென்ட் போடும்போதே முன்னாடி ஒரு பெரிய பம்பர் கார்டும் போட்டுடலாம்" என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். அதற்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது.

கூரை டென்ட்டோடு தொப்பூர் கணவாயில் இறங்கலாமா? வத்தல்மலை ஏறலாமா?

ஏறலாம், இறங்கலாம். ஓட்டும் முறையை மாற்ற வேண்டும். தலைக்கு மேல் அறுபது கிலோ ஏறினால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போகிறது, வளைவில் சாய்வு கூடுகிறது. தொப்பூரில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போன கதை நமக்குப் புதிதில்லை. வெறும் காரிலேயே கீழ் கியரில் இறங்க வேண்டிய இடம் அது. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் அவசரம் கூடாது, மரக்கிளை தாழ்ந்த இடங்களில் ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் இன்னொரு சிக்கல், வீடுகளுக்குப் போகும் சர்வீஸ் ஒயர். தெருவுக்குக் குறுக்கே தொங்கிக்கொண்டிருக்கும். காரும் டென்ட்டும் சேர்த்து உயரம் எவ்வளவு என்று அளந்து டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள்.

மைலேஜ் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறையும். அன்று டென்ட்டில் தங்கினாலும் தங்காவிட்டாலும் ஓடும்போது காற்று தடுக்கத்தான் செய்யும். வருடத்தில் நாலு தடவை தங்குவதற்காக வருடம் முழுக்க அதைச் சுமந்துகொண்டு ஆபீஸ் போகிறவர்களை நான் பார்க்கிறேன்.

எங்க பக்கம் எல்லாம் பாறை. முளையே இறங்காதே?

நியாயமான கேள்வி. கிரானைட் பூமி இது. ஒரு சாண் செம்மண், கீழே பாறை. டென்ட் பையோடு வரும் மெல்லிய அலுமினிய முளை முதல் அடியிலேயே வளைந்துவிடும்.

ஒரு வழி இருக்கிறது. கொல்லுப்பட்டறையிலோ வெல்டிங் கடையிலோ 8 மி.மீ. கட்டடக் கம்பியை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறு முனையைக் கொக்கி மாதிரி வளைத்துத் தரச் சொல்லுங்கள். மாட்டுக்கு முளைக்குச்சி அடிக்கிற கைக்கு இது புதுசில்லை. வெட்டின முனையில் பிசிறு இருந்தால் ராவி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பைத்துணியைக் கிழிக்கும். அடிக்கும்போது முளையின் தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கம் சாயும்படி அடிக்க வேண்டும்.

முழுப் பாறை என்றால் முளையே வேண்டாம். தானாக நிற்கும் குவிமாட வகை டென்ட் வாங்குங்கள். நாலு உரச் சாக்கில் மண்ணையோ கல்லையோ அள்ளிப் போட்டு, டென்ட் கயிற்றை அதில் கட்டுங்கள். சாக்கு காலியாக வரும், காலியாகப் போகும், எடை கிடையாது. கல்லை நேராகக் கயிற்றில் கட்டினால் காற்றில் உரசிக் கயிறு அறுந்துவிடும்.

கூரை டென்ட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு வண்டி மட்டமாக நிற்க வேண்டும். நம் பாறைச் சரிவில் மட்டமான இடம் கிடைப்பதும் லேசில்லை. சக்கரத்துக்கு அடியில் பலகைக் கல் வைத்துச் சமன் செய்யலாம். எப்படியும் மேடான பக்கம் தலை வைத்துப் படுங்கள்.

மழை வந்தால்?

மழையில் மூன்றும் ஓரளவு தாங்கும். வெளித்துணியின் நீர்த்தாங்கு அளவு (எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்ற எண்) 2000 மி.மீ. சுற்றி இருந்தால் நம் மழைக்குப் போதும், தரைத்துணி அதைவிடக் கெட்டியாக இருக்கட்டும். இரட்டை அடுக்கு டென்ட்டாகப் பாருங்கள். நான் இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த கார், வேன்களை உருட்டிக்கொண்டு போனது. அந்தத் தண்ணீரில் கூரை மேல் படுத்திருப்பவரும் காரோடு போவார். எந்த டென்ட் ஆனாலும் ஏரியின் கோடிக்கால், ஓடை, பள்ளவாரி, ஏரி உள்வாய் இவற்றில் தங்காதீர்கள். காய்ந்து கிடக்கும்போது அந்த இடம்தான் மட்டமாக, புல் முளைத்து, கண்ணுக்கு அழகாக இருக்கும். அதுதான் பிரச்சினை.

சித்திரை, வைகாசிக் கோடை மழை வேறு ஜாதி. பத்து நிமிடம் சூறைக்காற்று, இடி, அப்புறம் மழை. மாங்காய் கொட்டுவதும் கிளை முறிவதும் அப்போதுதான். கூரை டென்ட் உயரத்தில் இருப்பதால் காற்று அதிகம் பிடிக்கும். ஓட்டின் ஒடுங்கிய பக்கம் காற்றைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்துங்கள். இடி இடித்தால் எந்தத் துணி டென்ட்டும் காப்பாற்றாது. எல்லோரும் இரும்புக் கூரை உள்ள காருக்குள் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருங்கள். தனி மரத்தடியில் காரை நிறுத்தியிருந்தால் அதற்கு முன்பே நகர்த்தியிருக்க வேண்டும். விரித்த கூரை டென்ட்டோடு அது முடியாது.

மழை முடிந்த செம்மண் கொல்லையில் ட்ரெய்லரை வெளியே இழுப்பது தனி அனுபவம். டிராக்டர் உள்ள வீட்டு நம்பர் கையில் இருக்கட்டும்.

தளி, ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிர் எப்படி?

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், தருமபுரி நகரம் ஏறக்குறைய அதில் பாதிதான். வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். தரை டென்ட்டில் குளிர் கீழேயிருந்துதான் ஏறும். கம்பளி போர்த்திக்கொள்வதைவிடக் கீழே நல்ல பாய் விரிப்பு முக்கியம். கூரை டென்ட்டில் மெத்தை இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் நாலு பக்கமும் காற்று.

தளியில் தை மாதம் விடியற்காலை டென்ட்டின் உள்பக்கத்தைத் தொட்டால் கை நனையும். ஒழுகிவிட்டது என்று நினைப்பார்கள். நம் மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த துணியில் படிகிறது. குளிருகிறது என்று எல்லா ஜன்னலையும் அடைத்தால் இன்னும் அதிகமாகும். மேலே ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. கரி அடுப்பு, தணல் சட்டி, கேஸ் ஸ்டவ் எதையும் எந்த டென்ட்டுக்குள்ளும், ட்ரெய்லருக்குள்ளும் குளிர் காய வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

கோடையில்?

ஏப்ரல், மே மாதம் தருமபுரி, அரூர்ப் பக்கம் டென்ட்டே வேண்டாம். தோப்பில் ஒரு கயிற்றுக் கட்டில், நாலு குச்சி, கொசுவலை. அதற்கு ஈடு எதுவும் இல்லை. கூரை டென்ட் வாங்கியவர்கள்கூட ராத்திரி இறங்கி வந்து கட்டிலில் படுப்பார்கள்.

பாம்பு, தேள்?

தரை டென்ட் என்றால் முதலில் வரும் பயம் இது. ஜிப் முழுக்க மூடியிருந்தால் உள்ளே வர வழியில்லை. சாப்பாடு சிந்தி எலி வந்தால் அதன் பின்னால் பாம்பு வரும், ஆகவே சுற்றுப்புறம் சுத்தமாக இருக்கட்டும். அடுப்புக்குக் கல் புரட்டும்போது காலால் தள்ளிப் பாருங்கள், அடியில் தேள் இருக்கும். செருப்பை டென்ட்டுக்குள் வையுங்கள், காலையில் உதறிப் போடுங்கள். கூரை டென்ட்காரரும் ராத்திரி ஒன்றுக்குப் போக இறங்கித்தான் ஆக வேண்டும். ஏணியடியில் வெளிச்சம் அடித்துப் பார்த்துக் கால் வையுங்கள்.

அம்மாவுக்கு மூட்டு வலி, பையனுக்கு நாலு வயது. கூரை டென்ட் சரிப்படுமா அண்ணா?

சரிப்படாது தம்பி. அம்மாவால் ராத்திரி இரண்டு தடவை ஏணி இறங்கி ஏற முடியாது, இறங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் படுப்பார். பையன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடப்பான். நாலு பேர் நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள தரை டென்ட் வாங்கி, அம்மாவுக்கு மடக்குக் கட்டில் போட்டுவிடு. இல்லையென்றால் அம்மாவைத் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்துவிட்டு நீங்கள் வெளியே டென்ட் போடுங்கள். அவரும் அதைத்தான் விரும்புவார்.

ட்ரெய்லர் யாருக்கு?

ஒரே இடத்தில் மூன்று நாலு நாள், குடும்பத்தோடு, சமையல் சாமானோடு தங்குகிறவருக்கு. சொந்தத் தோட்டம் உள்ளவருக்கு இன்னும் பொருத்தம். வீட்டில் ஒரு கார் அளவு இடம் சும்மா கிடக்க வேண்டும். இப்படித் தங்கும் வழக்கமோ நிறுத்த இடமோ, ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள்.

காருக்கும் தகுதி வேண்டும். இழுவைத் திறன் என்று கையேட்டில் போட்டிருக்கிறதா பாருங்கள். "இழுக்கப் பரிந்துரைக்கவில்லை" என்று போட்ட கார்களும் உண்டு. சாமான் ஏற்றும்போது ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். பின்பக்கம் கனம் அதிகமானால் வேகத்தில் ட்ரெய்லர் வால் ஆட்டும், காரையும் சேர்த்து ஆட்டும். அப்போது பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலேட்டரை மெதுவாக விட வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். டிராக்டர் ஓட்டிப் பழகினவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு, பெங்களூர் ஐ.டி. நண்பர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும்.

காரின் சக்கர அளவும் ட்ரெய்லரின் சக்கர அளவும் ஒன்றாக இருந்தால் ஒரே ஸ்டெப்னி போதும். ஓடும்போது உள்ளே ஆள் உட்காரக் கூடாது, குழந்தைகளும்தான்.

டிராக்டர் டிப்பர் செய்கிற பட்டறையில் பாதி விலைக்கு ட்ரெய்லர் செய்து தருகிறேன் என்கிறார்களே?

இரும்பு வேலையில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், நம்பர் பலகை வேண்டும், பின்விளக்கும் இண்டிகேட்டரும் எரிய வேண்டும். பதிவாக வேண்டும் என்றால் வகை ஒப்புதல் (வண்டியின் மாதிரியைச் சோதித்துத் தரும் ஒப்புதல்) பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கியிருக்க வேண்டும். பட்டறையில் செய்ததை நெடுஞ்சாலையில் இழுத்துப்போய் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். தோட்டத்துக்குள்ளேயே நிறுத்தி வைக்க ஓர் அறை வேண்டும் என்றால், தாராளமாகப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள்.

ஓசூரில் அபார்ட்மென்ட். கூரை டென்ட்டை எங்கே வைப்பது?

முதலில் பேஸ்மென்ட் வாசல் உயரத்தை அளங்கள். பல இடங்களில் ஏழடிதான், டென்ட் ஏறின எஸ்.யு.வி. இடிக்கும். கழற்ற மூன்று நாலு ஆள் வேண்டும், கழற்றியதைச் சாய்த்து வைக்கச் சுவர் வேண்டும். நனைந்த டென்ட்டை மடித்துவிட்டு வந்தால் அடுத்த நாளே விரித்துக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும், வாசனை போகவே போகாது. தரை டென்ட்டை மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிடலாம். கூரை டென்ட்டைக் காய வைக்கக் காரையே வெயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய் விரிக்க வேண்டும்.

காருக்குள்ளேயே படுத்துவிட்டால்?

ஈக்கோ, இன்னோவா மாதிரி வண்டியில் பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டால் இரண்டு பேருக்கு அருமையான படுக்கை. மழை, இடி, நாய், எதற்கும் கவலை இல்லை, கிளம்ப வேண்டும் என்றால் அப்படியே கிளம்பலாம். கொசுவலைத் துணியைக் கண்ணாடிக்கு உறையாகத் தைத்து மாட்டி, இரண்டு பக்கமும் இரண்டு விரல் இறக்கி வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு மட்டும் தூங்காதீர்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

தரை டென்ட் மூவாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை. கூரை டென்ட் அறுபதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம், நல்ல கேரியர் தனி. ட்ரெய்லர் சில லட்சங்களில்தான் ஆரம்பிக்கும். அதன்மேல் பதிவு, இன்சூரன்ஸ், கொக்கி, ஒயரிங்.

கூரை டென்ட் ஆசை விடவில்லை என்றால், பெங்களூரில் டென்ட் பொருத்திய வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து வந்து தெரிந்தவர் தோப்பில் இரண்டு ராத்திரி தங்குங்கள். முதல் ராத்திரி எல்லோருக்கும் பிடிக்கும், இரண்டாம் ராத்திரி மனைவியிடம் கேளுங்கள். தூங்கும்போது எழுப்பி, டென்ட்டை மடித்து வண்டியைத் தெருவுக்கு எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் வாங்குவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.